அன்ஈஸி

“எல்லாருக்கும் காபிதானே?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மேடத்தின் கணவர் சம்பந்தம் சார் சமையலறைக்குள் போய்விட்டார். காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லைதான், சந்திரலேகா மேடத்திடம் ஆராய்ச்சி பண்ணுகிறவர்களில் எவரும் இந்த வீட்டில் காபி வேண்டாம் என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது, சொன்னால் வயிற்றுக்கு என்ன கோளாறு என்று மேடம் விசாரிப்பார், அந்த விசாரணைக்குப் பயந்தே வாய்வுத் தொல்லைக்காரர்கள்கூடக் குடித்துவிடுவார்கள். செம்மலர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓரம் என்றால் பாதி உடம்புதான் சோபாவில், மீதி தொடைகளின் பலத்தில். பக்கத்தில் பெனசீர், நன்றாகச் சாய்ந்து, கைப்பையை மடியில் பூனைக்குட்டி மாதிரி வைத்துக்கொண்டு. எதிரே ஒற்றை நாற்காலியில் பிரசன்னா, கைபேசியில். நடுவில் சாய்வு நாற்காலியில், கட்டுப்போட்ட முழங்காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மேடம். ஆபரேஷன் முடிந்து இன்னும் துறைக்கு வரமுடியாததால் துறையே மேடம் வீட்டு ஹாலுக்கு இடம் மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரைந்து வைத்திருந்தது. செம்மலருடைய ஆய்வுச் சுருக்கம் மேடத்தின் மடியில் இருந்தது, ஐந்து வருஷத்து அலைச்சலைக் கசக்கிப் பிழிந்து எடுத்த சக்கை, அல்லது சாறு, எது என்று இன்று தெரிந்துவிடும். மேடம் கையெழுத்துப் போட்டால் இந்த மாதமே பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிடலாம். போடாவிட்டால் பதிவுக்காலம் முடிந்துபோகும், நீட்டிப்புக் கேட்டு இதே மேடத்திடம் இதே சோபா ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவேதானா? அப்படியென்றால் கண் மேடத்தின் பேனாமேல் இருக்க வேண்டும், காது எதற்காகச் சமையலறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது? ஏனென்றால் எவர்சில்வருக்குச் சத்தம் உண்டு. கண்ணாடிக்கும் உண்டு, மெலிசாக. காகிதக் கப்புக்குத்தான் சத்தமே கிடையாது, அடுக்கிலிருந்து உருவினால் ஒரு சின்ன உஸ், அதுவும் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும். போன தடவை வந்தபோது காது இவ்வளவு உஷாராக இல்லை. போன தடவை சார் ஒரு தட்டோடு சிரித்துக்கொண்டே வந்தார். பிரசன்னாவுக்கு டபரா டம்ளர், பெனசீருக்குக் கண்ணாடி கிளாஸ், செம்மலருக்குக் காகிதக் கப். ஒரே தட்டு, ஒரே காபி, ஒரே நுரை. யாருக்கு எது என்று சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, தபால்காரர் கடிதம் கொடுக்கிற மாதிரி அவரவர் முகவரிக்குக் கை தானாகப் போயிற்று. அதுதான் அவளை அடித்தது. யோசித்துச் செய்திருந்தால் சண்டை போடலாம். யோசிக்காத கையோடு என்ன சண்டை? அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் எந்த ஊர் என்று கேட்டிருந்தார், சொன்னாள், ஊரில் எந்தப் பக்கம் என்றார், பஸ் ஸ்டாப்புக்குக் கிழக்கே என்றாள், “அப்படியா, சரி சரி” என்றார். கிழக்கு போதும். அந்தப் பேச்சில் சாதி என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை, யாராவது பதிவு செய்து போட்டுக்காட்டினால் புவியியல் பாடம் என்றுதான் நினைப்பார்கள்.

திரும்பிப் போகிற பஸ்ஸில் பெனசீர்தான் வாயைத் திறந்தாள். “ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? எனக்குக் கண்ணாடி, உனக்குக் காகிதம். நீயாவது அடுத்த ஜென்மத்துல எவர்சில்வராப் பொறந்துக்கலாம். எங்களுக்கு அந்த வசதியும் கிடையாது.” சிரித்தார்கள், கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு, பிறகு அந்தத் தண்ணீர் எந்தக் கணக்கில் வந்தது என்று தெரியாமல் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அத்தோடு போயிருக்கும். பெனசீர் சும்மா இருக்கமாட்டாமல் பிரசன்னாவிடம் கேட்டுவிட்டாள், நீ கவனிச்சியாடா என்று. அவன், “சேச்சே, டம்ளர் பத்தாமப் போயிருக்கும்” என்றான், அதைச் சொன்ன கையோடு மேடத்திடம் போய்ச் சொன்னான், கெட்ட எண்ணத்தில் அல்ல, மேடத்துக்குத் தெரியாத ஒரு விஷயம் தனக்கு மட்டும் தெரிந்திருப்பது அவனுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். மேடம் துறையில் தனியாகக் கூப்பிட்டார். உட்காரும்மா என்றார். கதவைத் தானே எழுந்துபோய்ச் சாத்தினார், அப்போதே முழங்கால் வலி. “நீ அன்னைக்கு அன்ஈஸியா ஃபீல் பண்ணியிருக்க. ஐ அண்டர்ஸ்டாண்ட். உன்னை மாதிரி பேக்கிரவுண்ட்லேர்ந்து வர்றவங்களுக்கு ஒரு ஆங்ஸைட்டி இருக்கும்மா. யார் எதைச் செஞ்சாலும் அதுக்குள்ள ஒண்ணு இருக்கிற மாதிரியே தெரியும். அது உன் தப்பு இல்ல.” அவள் தப்பு இல்லையாம்! மன்னித்துவிட்டார்கள்! காகிதக் கப்பில் காபி வாங்கிக் குடித்த குற்றத்துக்கு, குடித்ததை ஞாபகம் வைத்திருந்த குற்றத்துக்கு, மன்னிப்பு. அந்த அறையில் செம்மலர் என்ன செய்தாள்? கல்லூரி நாட்களில் பேச்சுப்போட்டியில் எதிரணியை மேடையிலேயே திக்கவைத்தவள், ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாருக்காக வார்டனோடு அரைமணி நேரம் வாதாடியவள், தலையை ஆட்டினாள். ஆட்டிய தலைக்கு மேடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், பல்கலைக்கழக ஆலோசகரைப் போய்ப் பார்க்கச் சொல்லி. போனாள், போகாவிட்டால் அதுவும் ஆங்ஸைட்டியில் சேரும். ஆலோசகர் நல்ல பெண்மணி, மேஜையில் ஒரு சின்னக் கள்ளிச்செடி வைத்திருந்தார், மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கச் சொல்லிக் கொடுத்தார், பிறகு, “ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள, எவ்வளவு அன்ஈஸியா இருக்கு, சொல்லுங்க” என்றார். “அது காபி எதுல வருதுங்கறதப் பொறுத்தது மேடம்” என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இப்போது உள்ளே ஒரு சத்தம். டங். ஒரே ஒரு டங், பால் பாத்திரமாக இருக்கலாம், டம்ளராக இருக்கலாம், கரண்டி தவறியிருக்கலாம். ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது? இதுதான், இதைத்தான் அந்தச் சொல் செய்துவிட்டுப் போயிருக்கிறது, காதைத் திருடன் காது மாதிரி ஆக்கிவிட்டது. அன்ஈஸி. இந்தச் சொல்லை அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அதுதான் கூத்து. ஹாஸ்டலில் முதலாம் ஆண்டுப் பெண்களுக்குச் சாயங்காலம் ஆங்கிலம் பேசப் பழக்குகிறாள், போன வாரப் பாடத்தில் இந்தச் சொல் வந்தது. கவலையும் கூச்சமும் கலந்த மாதிரி, நாலு பேர் இருக்கிற இடத்தில் நமக்கு மட்டும் சரியாக உட்காரத் தெரியாத மாதிரி, என்று விளக்கினாள். யாரையும் தெரியாத கல்யாண வீட்டில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்போமே, அது. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்கள் என்றதும், “வார்டன் சிரிச்சா ஐ ஃபீல் அன்ஈஸி அக்கா” என்று ஒருத்தி ஆரம்பித்தாள், அறையே ஆடிப்போயிற்று. “பஸ்ல பின்னாடி ஒருத்தன் உரசுனா?” என்று இன்னொருத்தி. “அது அன்ஈஸி இல்லடி, அது செருப்பு” என்று மூன்றாமவள். கடைசியில் சூர்யகலா, எப்போதும் கடைசி வரிசை, எப்போதும் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு, “அக்கா, இது நமக்குள்ளயே இருக்கிறதா, இல்ல யாராவது செய்யுறதா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தாள் செம்மலர், பதில் தெரியாத எல்லா ஆசிரியர்களையும் போல. ராத்திரி படுக்கையில்தான் அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. ‘எனக்குக் காகிதக் கப்பில் கொடுத்தார்கள்’ என்றால் அதில் கொடுத்தவர் இருக்கிறார், கப் இருக்கிறது, தட்டு இருக்கிறது, மற்றவர்களின் டம்ளர் இருக்கிறது, வீடு இருக்கிறது. ‘எனக்கு அன்ஈஸியாக இருந்தது’ என்றால் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள், விளக்கை அணைத்துவிட்டார்கள், அவள் மட்டும் தனியாக உட்கார்ந்து தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கிறாள். தமிழில் இருக்கிற சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சங்கடம், அது விருந்தாளிக்கு வருவது, அவள் விருந்தாளியாகவே இன்னும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. கூச்சம், மேடத்துக்கு ரொம்பப் பிடிக்கும், கூச்சம் என்றால் பழகப் பழகச் சரியாகிவிடும், காகிதக் கப்பும் பழகிவிடும். இருப்புக்கொள்ளாமை, ஆமாம், இந்தச் சோபா ஓரம் அதுதான், ஆனால் அதுவும் உட்கார்ந்திருப்பவளைப் பற்றியே பேசுகிறது. நெருடல் கொஞ்சம் பரவாயில்லை. நெருடுவதற்கு ஒரு கல்லாவது வேண்டும், சோற்றில் கல் கிடக்கிறது என்று ஒப்புக்கொள்கிற சொல். ஆனால் அந்தக் கல்லைப் போட்டது யார் என்று கேட்டால் அதுவும் வாயை மூடிக்கொள்கிறது.

“செம்மலர், இங்க என்ன எழுதியிருக்க?” மேடத்தின் பேனா ஒரு வரியின் கீழே நின்றது. அவளுடைய ஆய்வு டவுன் பஸ்ஸில் போகிற பெண்களைப் பற்றியது. அப்பா கண்டக்டர், சின்ன வயதிலிருந்து பஸ்ஸைத் தவிர வேறு எதைப் பார்த்தாள்? “‘இருக்கை காலியாக இருந்தும் இப்பெண்கள் நின்றபடியே பயணம் செய்தனர்.’ இதுக்கு என்ன ஆதாரம்?” “பேட்டி எல்லாம் பின்னிணைப்புல இருக்கு மேடம். பக்கத்துல உக்காந்தா மத்தவங்க எழுந்துடுவாங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.” “அது அவங்க பெர்செப்ஷன்மா. அவங்களுக்கு அப்படித் தோணியிருக்கு. ‘நின்றனர்’னு அடிச்சுச் சொல்லாத. ‘நிற்க நேர்ந்ததாக உணர்ந்தனர்’னு மாத்து.” “நின்னதுல உணர்றதுக்கு என்ன மேடம் இருக்கு? கால் வலிச்சிருக்கு.” பெனசீர் அவள் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள், சுளீர் என்றது. மேடம் சிரித்தார், கோபப்படவில்லை, மேடம் கோபப்பட்டதை யாரும் பார்த்ததில்லை, அது அவருடைய பெரிய பலம். “வாதம் பண்றதுல நீ கெட்டிக்காரிதான்” என்று அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், வட்டத்துக்கு வால் வைத்து ஓரத்துக்கு இழுத்து ஒரு கேள்விக்குறி போட்டார். இந்த மேடத்தைப் பார்த்துத்தான் அவள் இந்தத் துறைக்கே வந்தாள். எம்.ஏ. படிக்கும்போது ஒரு கருத்தரங்கில், வீட்டுக்குள் அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்று தேடிப் போனால் கடைசியில் சமையலறை வாசலில்தான் போய் நிற்பீர்கள் என்று மேடம் பேசியபோது முதல் ஆளாகக் கைதட்டியவள் அவள்தான். உள்ளங்கை எரிந்தது. அந்தப் பேச்சு பொய்யில்லை, இப்போதும் அதில் ஒரு வரியைக்கூட அவளால் மறுக்க முடியாது, அதுதான் இன்னும் எரிகிறது. இந்த வீட்டில் காபி போடுவது ஆண், அதை மேடம் ஒவ்வொரு தடவையும் பெருமையாகச் சொல்வார், “காபி எல்லாம் சார் டிபார்ட்மென்ட்” என்று. அதிகாரம் கை மாறிவிட்டது. வாசல் மட்டும் அங்கேயே இருக்கிறது.

பால் பொங்குகிற வாசனை வந்தது, பிறகு டிகாஷன் வாசனை, உடம்பு வெட்கங்கெட்டது, நாக்கு ஊறியது. அந்த வாசனைக்குப் பின்னால் ஏன் தண்ணீர் ஞாபகம் வருகிறது? நான்காம் வகுப்பு, பள்ளிக்கூடம் விட்டுக் கூடவே ஓடிப்போன திவ்யா வீடு, ஓடின களைப்பு, தாகம். திவ்யாவின் அம்மா செம்போடு வந்து, கையைக் கூட்டிப் பிடி கண்ணு என்றாள். செம்பு உயரே போயிற்று, தண்ணீர் கயிறு மாதிரி இறங்கியது, குடித்ததைவிடச் சிந்தியது அதிகம், மணிக்கட்டு வழியாக ஓடி முழங்கையில் சொட்டி, சட்டைக் கைக்குள் புகுந்து அக்குளைச் சில்லிடவைத்தது. அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்தாள். சிரித்தாள்கூட. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், நீயும் அப்படி ஊத்து, மேலேருந்து ஊத்து, என்று கேட்டாள். அம்மாவின் முகம். அந்த முகத்துக்குப் பேர் இத்தனை நாளாகத் தேடுகிறாள், தமிழிலும் இல்லை இங்கிலீஷிலும் இல்லை. அன்றைக்கு அம்மா டம்ளரை நிறைத்து அவள் கையில் கொடுத்து, ‘வாய் வச்சுக் குடி’ என்றாள், குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தாள். அதே அம்மா நேற்று போனில் சொன்னாள்: “கையெழுத்து வாங்குற வரைக்கும் வாயத் தொறக்காத தாயி. வாங்கிட்டு வந்து வண்டி வண்டியாப் பேசு, நான் கேக்குறேன்.” அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. அம்மாக்களின் நியாயம் எப்போதும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற நியாயம், பட்டம் வாங்கிய பிறகு, வேலை கிடைத்த பிறகு, வேலை நிரந்தரமான பிறகு, பிறகு பிறகு என்று போய் ஒருநாள் அவளும் மகளிடம் போனில் இதையே சொல்வாள். பயம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது வேறு ஒரு பொய். கையெழுத்து இல்லாவிட்டால் இந்த ஐந்து வருஷம், அந்த பஸ்கள், அந்தப் பெண்கள், எடுத்த பேட்டிகள், இடுப்பில் கைக்குழந்தையும் கையில் கூடையுமாக நின்றுகொண்டே பதில் சொன்னார்களே, எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிப் பரணில் போய்விடும். காகிதக் கப் வந்தால் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறாள். என்ன கேட்பது என்பதையும் ஹாஸ்டலிலிருந்து வருகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ‘சார், எனக்கு மட்டும் ஏன் சார் இது?’ இல்லை, இதில் அழுகை இருக்கிறது. ‘மேடம், இந்தக் கப் என் பேக்கிரவுண்டுக்கா, காபிக்கா?’ இது நன்றாக இருக்கிறது, ரொம்ப நன்றாக இருக்கிறது, மேடைக்குத்தான் ஆகும். ‘எனக்கும் டம்ளரில் கொடுங்கள்’, இது பிச்சை. டம்ளரே வந்துவிட்டால்? அதையும் நினைத்துப் பார்த்தாள், நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி வந்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு டம்ளருக்காக நன்றி சொல்லத் தயாராகிவிட்டாளே உள்ளே ஒருத்தி, அவளை முதலில் உதைக்க வேண்டும்.

“வந்தாச்சு, வந்தாச்சு” என்று சார் தட்டோடு வந்தார். தட்டில் மூன்று காகிதக் கப். மூன்றும் ஒரே அளவு, ஒரே மாதிரி, பக்கத்தில் பூப்போட்டவை. பிரசன்னாவுக்கு ஒன்று, பெனசீருக்கு ஒன்று, செம்மலருக்கு ஒன்று. கூடவே இரண்டு டபரா டம்ளர், ஒன்று மேடத்துக்கு, ஒன்று அவருக்கு. “எனக்குமா சார்?” பிரசன்னாவின் வாயிலிருந்து அவன் அறியாமலே வந்துவிட்டது, வந்ததும் காது சிவந்துபோனான். “மேடத்தால இப்ப நின்னு கழுவ முடியறதில்லப்பா, அதான்” என்றார் சார். அதே நேரத்தில் மேடம், “இனிமே நம்ம வீட்ல எல்லாரும் சமம். யாருக்கும் எந்த அன்ஈஸினஸும் வேண்டாம், என்ன செம்மலர்?” என்று அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். ஒரே காரியத்துக்கு இரண்டு காரணம் ஒரே சமயத்தில் வந்து வாசலில் முட்டிக்கொண்டன. வழியெல்லாம் தயார் செய்த கேள்விகள் செம்மலரின் தொண்டையில் வரிசையாக நின்றன, ஒன்றுக்கும் இங்கே வேலை இல்லை. எனக்கு மட்டும் ஏன் என்று கேட்க முடியாது, அவளுக்கு மட்டும் இல்லையே. ஜெயித்துவிட்டாளா? மூன்று பாத்திரம் ஒன்றாகியிருக்கிறது, அவளால்தான் ஆயிற்று, பேச்சுப்போட்டியாக இருந்தால் நடுவர் மணி அடித்திருப்பார். கப்பின் சூடு விரலைச் சுட்டது, காபிக்கும் விரலுக்கும் நடுவே காகிதத்தைத் தவிர எதுவும் இல்லை. மெல்ல மெல்லத்தான் கணக்குப் புரிந்தது. கோடு அழியவில்லை, நகர்ந்திருக்கிறது. பெனசீரையும் பிரசன்னாவையும் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் இரண்டு டம்ளர்கள் முன்னைவிடப் பத்திரமாக நிற்கின்றன. அவளுக்கு ஒரு டம்ளரைக் கூட்டுவதைவிட பிரசன்னாவுக்கு ஒரு டம்ளரைக் குறைப்பது இவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. எத்தனை நாள் யோசித்திருப்பார்கள்? ராத்திரி படுத்துக்கொண்டு இருவரும் பேசியிருப்பார்களா, கடையில் போய் பூப்போட்டதாகப் பார்த்து வாங்கியிருப்பார்களா, அந்தப் பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாது என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டிருப்பார்களா? சொல்லியிருப்பார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. “சார், சக்கரை கொஞ்சம் கம்மி” என்றான் பிரசன்னா. “உள்ள எடுத்துக்கப்பா, மேடை மேல நீல டப்பா” என்றார் சார். பிரசன்னா எழுந்தான், கைபேசியைப் பார்த்துக்கொண்டே சமையலறைக்குள் போனான், ஒரு கரண்டிச் சத்தம், கலக்கிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தான். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்க அதில் ஒன்றுமே நடக்கவில்லை. அவன் காற்று மாதிரி போனான், காற்று மாதிரி வந்தான், கையில் இருந்தது காகிதக் கப்பாக இருந்தும்.

செம்மலர் எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது, தொடைகள் இவ்வளவு நேரமும் இதற்காகத்தான் பாதி நின்றுகொண்டிருந்தன போல. “எங்கம்மா?” என்றார் மேடம். “எனக்கும் சக்கரை மேடம்.” “பிரசன்னா, கொண்டுவந்து குடேன் அவளுக்கு.” “அவன் உக்காரட்டும் மேடம். நீல டப்பாதானே, எனக்கே தெரியும்.” ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சின்னப் படி, தேய்ந்த சிமெண்ட்டுப் படி, கால் கட்டைவிரல் அதில் லேசாக இடித்தது, ஆலோசகர் சொன்ன மூச்சு எங்கே போயிற்றோ. உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தாளோ தெரியாது. ஒரு சமையலறைதான் இருந்தது. அடுப்பில் வழிந்து காய்ந்த பால், ஜன்னலில் நனைந்த கைப்பிடித் துணி, வாழைக்காய்த் தோல், ஒரு காலண்டர். சுவரில் கம்பி ஸ்டாண்ட். ஸ்டாண்டு நிறைய டம்ளர்கள், கவிழ்த்து, அடுக்கி, வெயிலில் பளபளத்துக்கொண்டு, கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் யார் யாரோ பேர் வெட்டிக் கொடுத்த டம்ளர்கள், ஒரு பந்திக்கே போதும். டம்ளர் பத்தாமல் போயிற்றாம். ஒன்றை எடுத்தாள். எடுத்ததும் மற்றவை ஒன்றோடொன்று உரசிக் கலகலவென்று சத்தம் போட்டன, ஹாலில் பேச்சு நின்றது. காகிதக் கப்பிலிருந்து காபியை டம்ளரில் ஊற்றினாள், கப்பைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள், பூ மடங்கியது. திரும்பினால் படியில் சார். அவர் கை இரண்டும் முன்னால் நீண்டு பாதியில் நின்றிருந்தன, எதையோ வாங்கிக்கொள்ளவோ தடுக்கவோ வந்தவை. “அம்மா, அது வந்து…” என்றார். “சொல்லுங்க சார்.” உண்மையாகவே காத்திருந்தாள். அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்கு ஒரே ஒரு சொல்தான் வேண்டியிருந்தது, அது அவருக்குத் தெரிந்த சொல், ஆனால் இந்த வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை, படித்தவர்கள் வீடு. பாவம், நல்ல மனிதர், நெற்றியில் வியர்த்திருந்தது. “அது வந்து… சூடா இருக்கும், பாத்து” என்று ஒதுங்கி வழிவிட்டார்.

இந்தத் தடவை சோபாவில் நன்றாக உள்ளே தள்ளி உட்கார்ந்தாள், முதுகு சாய்ந்தது, பெனசீர் நகர்ந்து இடம் விட்டாள். டம்ளரைத் தூக்கிக் குடிக்கவில்லை. விளிம்பில் உதட்டை வைத்து, அம்மா பார்த்துக்கொண்டிருந்தபோது குடித்த மாதிரி, ஒரு வாய் குடித்தாள். சக்கரை போட மறந்துவிட்டாள். கசப்பு நன்றாகத்தான் இருந்தது. பிரசன்னா கைபேசியில் எதையோ மேலே தள்ளினான், கீழே தள்ளினான். மேடம் தன் டம்ளரை மூக்குக்கண்ணாடிக்குக் கீழே ஒரு முறை பார்த்துவிட்டு, பக்கத்து மேஜையில் வைத்தார், அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. “செம்மலர், இதெல்லாம் என்ன? பிடிக்கலேன்னா சொல்லியிருக்கலாம். இப்பப் பாரு, எல்லாருக்கும் எவ்வளவு அன்ஈஸியா இருக்கு.” குரலில் கோபம் இல்லை. வருத்தம் இருந்தது, அசல் வருத்தம், அதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் தலை ஆடத் தயாராயிற்று, கழுத்து நரம்பு இழுத்ததை அவளால் உணர முடிந்தது. பிடித்து நிறுத்தினாள். “யாருக்கு மேடம்? பேர் சொல்லுங்க.” “வாட்?” “அன்ஈஸியா இருக்குன்னு சொன்னீங்க. யாருக்கு, எதனாலன்னு கேட்டேன். எனக்கு இல்ல. எனக்கு நீங்க தனிக் கப் வச்சீங்க, இப்ப அதை எல்லாருக்கும் வச்சிருக்கீங்க, உங்க ரெண்டு பேரைத் தவிர. அது எனக்குள்ள இருக்கிறது இல்ல மேடம். நீங்க செஞ்சது.” குரல் நடுங்கியது, நடுங்கட்டும், நடுங்கிக்கொண்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். “எனக்கும் ஒண்ணும் இல்ல மேடம்” என்றாள் பெனசீர் தன் கப்பை மேஜையில் வைத்துவிட்டு. பிறகு செம்மலர் பக்கம் திரும்பி, “போனவ எனக்கும் ஒரு டம்ளர் எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?” சார் அவசரமாக ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனார், அது சரியாகத்தான் இருந்தது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பேனாவுக்கு மூடி போட்டார், மூடி டக்கென்று ஒரு சின்னச் சத்தம் போட்டது, இதோ, வந்துவிட்டது, இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தது இவ்வளவு சின்னச் சத்தமா? “சினாப்சிஸ நான் இன்னொரு தடவை நிதானமாப் பாக்கணும்” என்று பக்கங்களைத் தட்டி ஒழுங்காக்கினார் மேடம். “நிறைய இடத்துல இடிக்குது. இங்கயே வச்சுட்டுப் போ. முடிச்சதும் ஃபோன் பண்றேன்.” போன் என்றைக்கு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பிரசன்னாகூடக் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான். செம்மலர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், எவர்சில்வர் சூட்டை ஒளிக்காது, உள்ளங்கை முழுக்கப் பரவவிட்டாள், ஐந்து வருஷத்தையும் ஒரு தரம் நினைத்துப் பார்த்தாள், நகரவில்லை.

“படிங்க மேடம். எங்க இடிக்குதுன்னு இப்பவே பேசிடலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, இன்னும் பாதி காபி இருக்கு.”